பென்குயினின் பூர்வீகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நங்கநல்லூரில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்கு அறிவியல் கதை சொல்வது வழக்கம். ஒரு தடவை, ஆள் எடையைத் தூக்கிச் சாப்பிடும் பழங்காலப் பென்குயின்களைப் பற்றிப் பேசினேன். அதற்கு வந்த கூட்டமும் கேள்வியும் வேறு எதற்கும் வந்ததில்லை. பிள்ளைகள் கேட்டது பாதி, கூட வந்த பெற்றோரும் பாட்டிகளும் கேட்டது மீதி. எல்லாவற்றுக்கும் நிதானமாக எழுதியே பதில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

மே மாத வெயிலில் வேகும் சென்னைக்காரனுக்குப் பென்குயினைப் பற்றி என்ன கவலை?

ஒரு உலக வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. இப்போது அதே அளவு தெற்கே போங்கள். தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் பராகாஸ் கடற்கரைப் பாலைவனம் ஏறக்குறைய 14 டிகிரியில் வரும். கடலோரம், மணல், சுட்டெரிக்கும் வெயில். அங்கேதான் 3 கோடியே 60 லட்சம் வருடத்துக்கு முந்தைய, ஒன்றரை மீட்டர் பென்குயின்கள் கல்லுக்குள் கிடைத்தன. அதைவிடப் பழையதாக, 4 கோடியே 20 லட்சம் வருடத்துக்கு முந்தைய பெருடிப்டஸ் என்ற இனமும் அந்த நாட்டுக் கரையில்தான் கிடைத்தது. அன்றைக்குப் பூமி மொத்தமுமே இன்றைவிட வெப்பமாக இருந்தது.

அதாவது, சென்னை மாதிரி ஊரில் வாழ்ந்திருக்கிறது பென்குயின். ஐஸ்கிரீம் வண்டியில் ஒட்டிய படத்தைப் பார்த்துப் பார்த்து, பனி இல்லாமல் பென்குயின் இல்லை என்று நாமே முடிவு கட்டிவிட்டோம். பனிக்கட்டி அதன் வாழ்க்கையில் ரொம்பப் பிற்பாடு வந்த விஷயம். கீழே உள்ள பதில்களில் பாதி இதைத்தான் சுற்றிச் சுற்றி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பென்குயின் பறவையா, மீனா, பாலூட்டியா?

பறவைதான். இறகு உண்டு, அலகு உண்டு, முட்டை இடும். இன்று உயிரோடு இருக்கும் பறவைகளில் அதற்கு நெருங்கிய சொந்தம் ஆல்பட்ராஸ், பெட்ரல் போன்ற கடற்பறவைகள். ஆல்பட்ராஸ் இறக்கையை அசைக்காமலேயே நாள் முழுக்கக் காற்றில் மிதக்கும். அதன் பங்காளி தரையை விட்டு ஒரு முழம் எழும்பாது. குடும்பங்களில் இப்படி நடப்பதுதான்.

இதுவரை கிடைத்ததிலேயே பழையது எது?

வைமானு. நியூசிலாந்தின் தென் தீவில், கான்டர்பரி பகுதியில் வைபாரா ஆற்றங்கரையில் பச்சை நிற மணற்கல் அடுக்கு ஒன்று இருக்கிறது. அந்தக் கல்லில் கிடைத்த எலும்புகளுக்கு 2006இல் இந்தப் பெயர் வைத்தார்கள். நியூசிலாந்துப் பூர்வகுடிகளின் மாவோரி மொழியில் வை என்றால் தண்ணீர், மானு என்றால் பறவை. நம் ஊரில் நீர்க்கோழி என்று சொல்கிற மாதிரி, ஒளிவுமறைவு இல்லாத பெயர். வயது சுமார் 6 கோடியே 10 லட்சம் வருடம்.

அந்தப் பெயரை அறிவித்த அதே ஆய்வுக் கட்டுரையில் இரண்டாவதாக ஓர் இனத்துக்கும் பெயர் வைத்தார்கள். அது வைமானுவின் நேர் வகையறா இல்லை என்று பிறகு தெரிந்ததால், 2018இல் முரிவைமானு என்று தனியாகப் பிரித்துவிட்டார்கள். பழைய புத்தகத்தில் ஒரு பெயரும் புதியதில் வேறு பெயரும் இருந்தால் குழம்ப வேண்டாம், பறவை ஒன்றுதான்.

வயதைச் சொன்னேன் இல்லையா, அதில்தான் விஷயமே இருக்கிறது. டைனோசர்களை ஒழித்த பேரழிவு நடந்தது 6 கோடியே 60 லட்சம் வருடத்துக்கு முன். அதற்குப் பின் ஐம்பது லட்சம் வருடம் போனதும் வைமானு வருகிறது. வரும்போதே அது பறக்காத பறவை. இறக்கை எலும்புகள் தட்டையாகி, தண்ணீரைத் தள்ளும் துடுப்பாக மாறத் தொடங்கிவிட்டன. அலகு நீளமாக, மெல்லியதாக இருந்தது. இன்றைய பென்குயினின் இறக்கை விறைத்த ஒரே பலகை. பழசில் முழங்கை ஓரளவு மடங்கியிருக்கும் என்று மூட்டைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

அவ்வளவு சீக்கிரம் ஏன் பறப்பதை விட்டது?

டைனோசரோடு சேர்ந்து கடலிலும் பெரிய கொலைகாரர்கள் ஒழிந்தார்கள். மொசசார், பிளீசியோசார் என்ற ராட்சத ஊர்வன அதுவரை கடலை ஆண்டுவந்தன. அவை போனதும் கடல் காலி மனை மாதிரி ஆகிவிட்டது. திமிங்கலமோ, கடல்நாய் என்கிற சீலோ இன்னும் வரவில்லை. மீன் இருக்கிறது, பிடிக்கப் பெரிய ஆள் இல்லை. அந்த இடத்தில் பென்குயினின் முன்னோர் நுழைந்ததாகத்தான் ஆய்வாளர்கள் பலரும் கருதுகிறார்கள்.

பறப்பும் முக்குளிப்பும் ஒன்றாகப் போகாது என்பதற்கு இன்றைய பறவை ஒன்றே சாட்சி. வட கடல்களில் மர் என்ற பறவை இருக்கிறது. ஒரே இறக்கையால் காற்றிலும் பறக்கும், தண்ணீருக்குள்ளும் நீந்தும். 2013இல் வெளியான ஆய்வில் அதன் செலவைக் கணக்குப் பார்த்தார்கள். பறக்கும்போது, சும்மா இருக்கும்போது ஆவதைப்போல 31 மடங்கு ஆற்றல் எரிகிறது. பறக்கும் பறவைகளிலேயே அதுவரை அளந்ததில் இதுதான் அதிகம். இறக்கையைக் குட்டையாக்கினால் நீச்சல் சுலபம், பறப்பது இன்னும் கஷ்டம். ஒரு கட்டத்தில் பறப்பதையே விட்டுவிடுவதுதான் லாபம். விட்டபின் எடை கூடத் தடையும் இல்லை.

ஒரு எலும்புத் துண்டை வைத்துக்கொண்டு பென்குயின் என்று எப்படிச் சொல்கிறார்கள்? கதை விடுகிறார்களா?

இந்தச் சந்தேகம் எனக்குப் பிடிக்கும். அடுத்த சனிக்கிழமையே வீட்டிலிருந்து எலும்பு கொண்டுபோனேன். ஞாயிறு குழம்பில் மிஞ்சிய கோழி இறக்கை எலும்பு, சூப்புக்கு வாங்கிய கோழிக்கால். வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தவை. நியூஸ் பேப்பரை விரித்துப் பரப்பினேன்.

முதலில் இறக்கை எலும்பை ஒரு பையனிடம் கொடுத்து உடைக்கச் சொன்னேன். 'பட்' என்று போய்விட்டது. உள்ளே பார்த்தால் மெல்லிய சுவர், நடுவில் வெற்றிடம். பறவை எலும்புக்கு இதுதான் பொது லட்சணம். பென்குயின் எலும்பு இதற்கு நேர்மாறு. சுவர் தடித்து, உள்வெளி குறைந்து, கையில் எடுத்தால் கனக்கும். தண்ணீருக்குள் போக எடை வேண்டும் அல்லவா, முத்துக் குளிப்பவர்கள் காலில் கல் கட்டிக்கொண்டு இறங்கியது போல. இது தவிர, இறக்கை எலும்புகள் உருண்டையாக இல்லாமல், யாரோ அம்மிக்கல்லை ஏற்றி நசுக்கியதுபோல் தட்டையாக இருக்கும்.

அப்புறம் கோழிக்கால். விரல்களுக்கு மேலே, செதில் செதிலாகத் தோல் மூடி, சதையே இல்லாமல் குச்சிபோல் நீளும் பகுதி தெரியுமா? சூப்பில் கடிக்கிறோமே, அதேதான். அதற்குள் இருப்பது ஒரே எலும்பு. ஆனால் முட்டைக்குள் அது மூன்று தனி எலும்பாகத் தொடங்கி, பிறகு ஒன்றாக ஒட்டிக்கொண்டது. கோழியில் ஒட்டிய அடையாளமே மேலோட்டமாகத் தெரியாது, அவ்வளவு நீளம், அவ்வளவு வழவழப்பு. பென்குயினில் அதே எலும்பு குட்டையாக, அகலமாக, மூன்றும் சேர்ந்த இடத்தில் பள்ளக்கோடு தெரிய நிற்கும். வேறு எந்தப் பறவையின் காலோடும் இதைக் குழப்பிக்கொள்ள முடியாது.

முதல் தொல் பென்குயின் இந்த ஒரே எலும்பால்தான் வெளியுலகத்துக்கு வந்தது. நியூசிலாந்தில் வால்டர் மான்டெல் என்பவருக்குக் கிடைத்த ஒற்றைக் கால் எலும்பு லண்டன் போய்ச் சேர்ந்தது. ஆங்கில உயிரியலாளர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி அதைப் பார்த்து, இது பென்குயின், இன்றுள்ள எதையும்விடப் பெரிது என்று 1859இல் எழுதினார். பேலியூடிப்டஸ் அன்டார்க்டிகஸ் என்று பெயரும் வைத்தார். டார்வினின் பரிணாமப் புத்தகம் வெளிவந்ததும் அதே வருடம்தான். ஒரு எலும்பை வைத்து ஹக்ஸ்லி எழுதியது இன்றுவரை நிற்கிறது. கதை விட்டிருந்தால் நின்றிருக்காது.

வயது? கல்லில் தேதியா போட்டிருக்கிறது?

ஏறக்குறைய அப்படித்தான். எலும்பு கிடந்த அதே கல்லில் கண்ணுக்குத் தெரியாத கடல் நுண்ணுயிர்களின் மிச்சமும் இருக்கும். எந்தக் காலத்தில் எந்த நுண்ணுயிர் வாழ்ந்தது, எது எப்போது மறைந்தது என்று உலகம் முழுக்கத் திரட்டிய வரிசை உண்டு. கல்லைப் பொடித்து, நுண்ணோக்கியில் பார்த்து, அந்த வரிசையில் பொருத்துகிறார்கள். அதனால்தான் விடை ஒரே எண்ணாக வராமல், 'இத்தனை கோடியிலிருந்து இத்தனை கோடிக்குள்' என்று வருகிறது.

எல்லாவற்றிலும் பெரியது எது? ஆள் உயரம் இருக்குமா?

இதில் நான் பிள்ளைகளிடம் ஒரு தப்பு பண்ணினேன், இங்கே திருத்திக்கொள்கிறேன். 'இரண்டு மீட்டர் உயரப் பென்குயின்' என்று அடித்துச் சொல்லிவிட்டேன். செய்தித் தலைப்புகள் எல்லாம் அப்படித்தான் போட்டன. அது அன்டார்க்டிகாவில் கிடைத்த பேலியூடிப்டஸ் கிளெகோவ்ஸ்கி என்ற இனம். 9.1 செ.மீ. நீளமுள்ள ஒரு கால் எலும்பை வைத்து 2014இல் போட்ட கணக்கு அது. அந்த இரண்டு மீட்டர் நிற்கும் உயரம் இல்லை. அலகு நுனியிலிருந்து கால் நுனி வரை நீட்டிப் படுக்கவைத்தால் வரும் நீளம். பென்குயின் கழுத்தைச் சுருக்கி நிற்கும் பறவை. நின்றால் அதைவிடக் குறைவுதான்.

எடையில் இன்றைய தேதிக்கு முதலிடம் குமிமானு ஃபோர்டைசி. 2023இல் பெயர் பெற்றது. நியூசிலாந்தின் வட ஒடாகோ கடற்கரையில் அலைகள் உருட்டிப்போட்ட பாறை உருண்டைகளுக்குள் கிடைத்தது. வயது 5 கோடியே 55 லட்சத்துக்கும் 5 கோடியே 95 லட்சத்துக்கும் இடையில். எடை சுமார் 150 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டை ஆறை அடுக்கிப் பாருங்கள். இன்று இருப்பதிலேயே பெரியதான எம்பரர் பென்குயின் மிஞ்சிப்போனால் 40, 45 கிலோ. எங்கள் குடியிருப்பு லிஃப்டில் எழுதியிருக்கும் கணக்குப்படி பார்த்தால், ஒரு குமிமானு ஏறினால் இரண்டு ஆளுக்கு மேல் இடம் போய்விடும்.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. அவர்கள் உயரமே சொல்லவில்லை. முழு எலும்புக்கூடு கிடைக்காதபோது உயரம் சொல்வது வாய்க்கு வந்ததைச் சொல்வதாகிவிடும். தோளோடு சேரும் மேல் இறக்கை எலும்பின் அளவுக்கும் உடல் எடைக்கும் உள்ள பொருத்தம் இன்றைய பென்குயின்களில் தெரியும். அதை வைத்து எடையோடு நிறுத்திக்கொண்டார்கள்.

ஃபோர்டைசி என்பது நியூசிலாந்தின் தொல் பென்குயின் ஆய்வில் பெரிய பெயரான ஈவன் ஃபோர்டைஸை ஒட்டி வைத்தது. குமி என்பது மாவோரிக் கதைகளில் வரும் ஒரு பூதம்.

ராட்சதப் பென்குயினில் தொடங்கி, காலம் போகப் போகச் சிறுத்துக்கொண்டே வந்ததா?

அப்படி நேர்கோடாக இல்லை. குமிமானு கிடைத்த அதே இடத்தில், அதே காலத்தில், 50 கிலோ எடையுள்ள பெட்ராடிப்டஸ் என்ற பென்குயினும் இருந்தது. ஆரம்பத்திலேயே பெரிதும் நடுத்தரமும் சேர்ந்து வாழ்ந்திருக்கின்றன. 2 கோடியே 40 லட்சம் வருடத்துக்கு முந்தைய பாகுடிப்டஸ் என்ற இனத்துக்கு 2024இல் பெயர் வைத்தார்கள். அது இன்றைய நீலக் குட்டிப் பென்குயின் அளவு, அதாவது ஒரு கிலோ. கடைக் கோழியைவிடச் சிறுசு.

நிறம் தெரியுமா?

மாடியில் ஒட்டிய சார்ட்டில் ராட்சதப் பென்குயினுக்குக் கறுப்பு வெள்ளை அடித்திருந்தேன். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "அங்கிள், இதை யார் பார்த்தது?" என்றாள். யாரும் பார்க்கவில்லை. பழக்கதோஷத்தில் அடித்த வண்ணம்.

ஆனால் ஒரே ஒரு பழம் பென்குயினின் நிறத்துக்குச் சாட்சி இருக்கிறது. பராகாஸ் பாலைவனத்தில் கிடைத்த இன்காயாகு. பெரு நாட்டுப் பூர்வகுடிகளின் கெச்சுவா மொழியில் 'நீரரசன்' என்று பொருள். 3 கோடியே 60 லட்சம் வருடம் ஆன எலும்புக்கூடு. அதில் இறகுகளும் தோலும் கல்லில் பதிந்திருந்தன. அலி அல்தமிரானோ என்ற பெரு நாட்டு மாணவர் அதைக் கண்டெடுத்தார். ஜூலியா கிளார்க் தலைமையில் செய்த ஆய்வு 2010இல் வெளிவந்தது.

இறகுக்கு நிறம் தருவது அதற்குள் இருக்கும் மெலனின் பொட்டலங்கள். ஒரு பொட்டலத்தின் அளவு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குப் பக்கம். பொட்டலம் நீளமா உருண்டையா, எப்படி அடுக்கியிருக்கிறது என்பதைப் பொறுத்து நிறம் மாறும். நிறம் போனாலும் அந்த வடிவம் இன்காயாகுவின் இறகில் மிச்சம் இருந்தது. இன்றைய பறவைகளோடு ஒப்பிட்டபோது கிடைத்த விடை, சாம்பலும் செங்காவியும். கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை எல்லாம் பின்னால் தைத்தது.

இன்னொன்றும் தெரிந்தது. இன்றைய பென்குயின்களின் மெலனின் பொட்டலங்கள் மற்ற பறவைகளில் இல்லாத வகையில் பருத்து, திராட்சைக் குலைபோல் கொத்தாக இருக்கின்றன. இன்காயாகுவில் அப்படி இல்லை, சாதாரணப் பறவை மாதிரிதான். ஆனால் இறகின் வடிவமும், இறக்கையில் அவை ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கப்பட்டிருந்த விதமும் அப்போதே இன்றைய பென்குயினுடையவை. ஆக, நீந்துவதற்கான இறகு முதலில் வந்திருக்கிறது, நுண்ணிய நிற மாற்றம் அப்புறம்தான்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு புது சார்ட் கொடுத்தேன். செங்காவி கிரேயான் தீரும்வரை அடித்தாள்.

வெயில் நாட்டில் வாழ்ந்தது என்றால், குளிர் தாங்கும் உடல் எங்கிருந்து வந்தது?

இதுதான் என்னை இந்த எலும்புகள் பக்கம் இழுத்த கேள்வி. பென்குயினின் துடுப்பு மெல்லிய பலகை. கொழுப்பு கிடையாது. குளிர்ந்த நீரில் உடம்புச் சூடெல்லாம் அந்த வழியாகவே ஒழுகிப் போக வேண்டும். போவதில்லை. காரணம், தோள் பக்கத்தில் இரத்தக் குழாய்கள் பின்னிக்கொண்டிருக்கும் விதம்.

மே மாதம் மதியம் மாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீரில் கை வைக்க முடியாது, தெரியும்தானே? அந்தச் சுடுநீர்க் குழாயையும், பக்கத்திலேயே எதிர்த்திசையில் ஓடும் ஒரு குளிர்நீர்க் குழாயையும் ஒட்டவைத்துக் கட்டிவிடுங்கள். சுடுநீர் போகப் போக ஆறும், குளிர்நீர் வர வரச் சூடாகும். பென்குயின் துடுப்பில் வெளியே போகும் சூடான இரத்தம், உள்ளே திரும்பும் குளிர்ந்த இரத்தத்துக்குத் தன் சூட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறது. துடுப்பு குளிரும், உடம்பு குளிராது.

இரத்தக் குழாய் கல்லாவதில்லை. ஆனால் அந்தக் குழாய்கள் மேல் இறக்கை எலும்பின்மேல் படிந்து ஓடுவதால் எலும்பில் தடம் விழுகிறது. மோதிரம் போட்ட விரலில் பள்ளம் விழுகிற மாதிரி. 2011இல் வெளியான ஆய்வில் அந்தத் தடத்தைத் தொல் எலும்புகளில் தேடினார்கள். குறைந்தது 4 கோடியே 90 லட்சம் வருடத்துக்கு முன்பே அது இருக்கிறது.

அன்றைக்கு அன்டார்க்டிகாவில் பனிப்பாளம் கிடையாது, காடு இருந்தது. அந்தக் கண்டத்தைப் பெரும் பனிப்பாளம் மூடத் தொடங்கியதே சுமார் 3 கோடியே 40 லட்சம் வருடத்துக்கு முன்தான். அப்படியானால் பனிக்காக வந்த உடலமைப்பு இல்லை இது. வெப்பமான உலகத்திலும் கடலுக்குள் இறங்க இறங்கத் தண்ணீர் குளிரத்தான் செய்யும். மணிக்கணக்கில் அதில் கிடந்து, தொலைதூரம் போய் இரை தேட இந்த ஏற்பாடு உதவியிருக்கும். பனி வந்தபோது கையில் கருவி தயாராக இருந்தது.

இன்றைக்கும் காலபாகஸ் தீவுகளில், பூமத்திய ரேகையிலேயே ஒரு பென்குயின் இனம் வாழ்கிறது, குளிர்ந்த கடல் நீரோட்டத்தின் தயவில்.

அன்டார்க்டிகாவிலும் இந்த எலும்புகள் கிடைக்கின்றனவா? அந்தப் பனியில் எப்படித் தோண்டுகிறார்கள்?

அன்டார்க்டிகத் தீபகற்பத்தின் ஓரத்தில் சீமோர் தீவு இருக்கிறது. பனி மூடாத வெறும் மண்ணும் பாறையும் அங்கே நிறைய, அதனால் எலும்புகள் மேலேயே கிடக்கும். ஸ்வீடன் நாட்டு ஓட்டோ நோர்டன்ஷெல்ட் தலைமையில் 1901 முதல் 1903 வரை நடந்த பயணத்தில் அங்கே தொல் பென்குயின் எலும்புகளைப் பொறுக்கினார்கள். அவர்களை அழைத்துப்போக வந்த 'அன்டார்க்டிக்' என்ற கப்பல் 1903 பிப்ரவரியில் பனியில் நொறுங்கி மூழ்கிவிட்டது. திட்டமிடாத இரண்டாவது குளிர்காலத்தையும் அங்கேயே கழித்தார்கள். அந்த வருடம் நவம்பரில் அர்ஜென்டினாவின் 'உருகுவே' கப்பல் வந்துதான் மீட்டது. பசிக்கு அவர்கள் உயிரோடு இருந்த பென்குயின்களை அடித்துச் சாப்பிட்டார்கள். அதே சமயம் செத்துக் கல்லான பென்குயின்களைப் பத்திரமாக ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த எலும்புகளை ஆராய்ந்து கார்ல் வீமான் 1905இல் பெயர் வைத்த ஒன்று ஆந்த்ரோபோர்னிஸ். 'மனிதப் பறவை' என்று பொருள். அளவைப் பார்த்து அசந்துபோயிருக்கிறார் என்று பெயரிலேயே தெரிகிறது.

ராட்சதப் பென்குயின்கள் ஏன் இல்லாமல் போயின?

திமிங்கல வகைகளும் சீல்களும் பெருகி, அதே இரைக்குப் போட்டிக்கு வந்தன, சில பென்குயினையே தின்றன என்பது பரவலாகச் சொல்லப்படும் கருத்து. காலம் ஓரளவு ஒத்துப்போகிறது. ஆனால் காலம் ஒத்துப்போவது மட்டும் நிரூபணம் ஆகாது. நான் இதைச் சாத்தியம் என்ற அளவில்தான் பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

வட துருவத்தில் பென்குயின் உண்டா?

இல்லை. ஆனால் பென்குயின் என்ற பெயர் வடக்கிலிருந்து வந்தது. வட அட்லாண்டிக்கில் கிரேட் ஆக் என்ற பறக்காத கறுப்பு வெள்ளைப் பறவை இருந்தது. முதலில் பென்குயின் என்று அழைக்கப்பட்டது அதுதான். தெற்கே போன மாலுமிகள் அதே சாயலில் வேறு பறவையைப் பார்த்து அந்தப் பெயரையே சூட்டினார்கள். கிரேட் ஆக்கின் கடைசி ஜோடியை ஐஸ்லாந்துக்குப் பக்கத்தில் எல்டே தீவில் 1844 ஜூனில் கொன்றார்கள். பெயரைக் கொடுத்தவர் போய்விட்டார், வாங்கியவர் இருக்கிறார்.

இந்தியாவில் தொல் பென்குயின் கிடைத்திருக்கிறதா? அரியலூரில் நிறைய எலும்பு கிடைக்கிறதாமே?

பென்குயின் கிடைத்ததில்லை. வைமானு நீந்திய காலத்தில் இந்தியா தனி நிலமாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. பென்குயின் எலும்புகளோ எல்லாமே தெற்குக் கடல்களைச் சுற்றித்தான் கிடைக்கின்றன.

ஆனால் அரியலூர் வேறு விதத்தில் பொக்கிஷம். பேரழிவுக்கு முந்தைய கடல் அங்கே கல்லாகக் கிடக்கிறது. சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கங்களில் அம்மோனைட் என்ற சுருள் ஓட்டு உயிர்களும் சிப்பிகளும் கிடைக்கும். அந்தப் பகுதியிலேயே நிணியூர் என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் அடுக்கு பேரழிவுக்குப் பிந்தையது. ஒரு மாவட்டத்துக்குள் சுற்றினால் டைனோசர் காலம் முடிந்து அடுத்த காலம் தொடங்குவதைக் கல்லில் பார்த்துவிடலாம்.

அன்டார்க்டிகாவோடு நேரடிச் சொந்தம் வேண்டும் என்றால் எங்கள் வீட்டுப் பக்கமே வாருங்கள். பரங்கிமலையும் பல்லாவரமும் நிற்கும் நீலம் கலந்த கருங்கல்லுக்கு சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இதே வகை என்பதால் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து 1893இல் அப்படிப் பெயர் வைத்தார். இதே கல் கிழக்கு அன்டார்க்டிகாவிலும் உண்டு. நம் கிழக்குக் கரையும் அந்தக் கரையும் ஒரு காலத்தில் ஒட்டிக் கிடந்தவை. பாட்டி ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "எங்க வீட்டு ஆட்டுக்கல்லும் பல்லாவரம் கல்லுதாம்ப்பா" என்றார். அப்படியானால் அன்டார்க்டிகாவின் ஒன்றுவிட்ட உறவில்தான் இத்தனை வருடமும் மாவரைத்திருக்கிறார்.

பிள்ளைகள் இப்படி ஏதாவது கண்டுபிடிக்க முடியுமா?

முடிந்திருக்கிறது. 2006இல் நியூசிலாந்தின் காஃபியா துறைமுகப் பகுதியில், ஹாமில்டன் ஊரின் இளம் இயற்கை ஆர்வலர் சங்கத்துப் பிள்ளைகள் கூட்டமாக ஃபாசில் தேடப் போனார்கள். கல்லில் ஓர் எலும்புக்கூட்டைப் பார்த்தார்கள். பெரியவர்கள் அனுமதியோடு அதை வெட்டி எடுத்தார்கள். பல வருடம் கழித்து அருங்காட்சியகத்துக்குப் போய், 2021இல் புது இனம் என்று உறுதியானது. அந்தப் பென்குயினின் பெயர் கைருகு வைவைரோவா, அதாவது நீளக்கால் கைருகு. உயரம் சுமார் 1.4 மீட்டர். கண்டுபிடித்த பிள்ளைகள் அதற்குள் பெரியவர்களாகிவிட்டார்கள்.

சரி, சென்னையிலிருந்து எதைப் போய்ப் பார்க்கலாம்?

உயிருள்ள பென்குயின் என்றால் மும்பை பைகுல்லா விலங்குக் காட்சிசாலைக்குப் போக வேண்டும். 2016இல் கொண்டுவந்த ஹம்போல்ட் இனம் அங்கே இருக்கிறது. பெரு, சிலி கரைகள் அதன் பூர்வீகம், அதாவது இன்காயாகுவின் ஊர்க்காரர்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் திமிங்கல எலும்புக்கூடு இருக்கிறது. அதன் முன்துடுப்பைக் கவனியுங்கள். கை எலும்புகள் துடுப்பான கதை அங்கேயும் உண்டு.

அரியலூர் போவதென்றால் எழும்பூரிலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சி போகும் ரயில்களில் பல அங்கே நிற்கும். பக்கத்தில் வாரணவாசியில் ஃபாசில் அருங்காட்சியகம் இருக்கிறது, முதலில் அதைப் பார்த்துக்கொண்டால் வெளியில் கிடப்பது எது என்று கண்ணுக்குப் பிடிபடும். சுரங்கத்துக்குள் அனுமதி இல்லாமல் இறங்க வேண்டாம். நிழலே கிடையாது, ஜனவரியில் போங்கள். எங்கள் மாடிக் கூட்டமும் அடுத்த ஜனவரிக்குத்தான் திட்டம் போட்டிருக்கிறது. செங்காவி அடித்த பெண் இப்போதே பல் துலக்கும் பிரஷ் ஒன்றைப் பையில் எடுத்து வைத்துவிட்டாள்.